பதினேழு கிலோ

புதுவயலிலிருந்து காரைக்குடி கூட்டுறவு வங்கிக்குப்
பத்து கிலோமீட்டர்.
போகும்போது செயின் பேசாது.
திரும்பும்போது பேசும்,
வாய் நிறையச் செம்மண்ணோடு.

இருதயராஜ் தன் கடையில்
சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்:
சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில், சக்கரம் வானத்தில்.
"இதுக்குப் போயி ஸ்டாண்டா மேடம்?"
அவருக்கு இடுப்பு வளையும்.
என் எக்ஸ்ரேயில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
டாக்டர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்.
ஓட்டலாம், குனியக் கூடாது.

அதனால் ஸ்டாண்ட்.
சைக்கிள் என் நெஞ்சு உயரத்துக்கு ஏறி வர வேண்டும்.
நான் அதனிடம் இறங்கிப் போக முடியாது.

சுவரில் பதிக்கும் மாடல் மலிவு,
மடக்கினால் இடம் அடைக்காது.
ஆனால் சுவர் எங்களுடையதில்லை.
வீட்டுக்காரர் ஈப்போவிலிருந்து குரல் அனுப்பினார்,
பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தத்துடன்:
"முட்டை வெள்ளைக்கரு சேத்து அரைச்ச சுண்ணாம்பும்மா,
ஆணி கீணி வேண்டாம்.
எண்ணெய் சிந்துனா ஆத்தங்குடிக் கல்லு குடிச்சிரும்."
ஒன்றரை நிமிடம். இரண்டு தடவை கேட்டேன்.
வாடகையைப் பற்றி நல்லவேளை ஒன்றும் இல்லை.

சாத்தப்பன் அண்ணாந்து பார்த்தார்.
உத்தரத்தில் ஊஞ்சல் வளையம் இரண்டு, ஊஞ்சல் இல்லாமல்.
கயிறு கட்டித் தூக்கினோம்.
கறிக்கடையில் தொங்குவதைப் போலத் தொங்கியது.
மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தது.
ஸ்பேனரை வைத்து அழுத்தினால்
நட்டு நகரவில்லை, சைக்கிள் நகர்ந்தது.
ஹேண்டில்பாரின் முனை
சாத்தப்பன் நெற்றியில்.
அன்றைக்கு அவ்வளவுதான்.

முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடையில்,
ஓர் இரும்புத் தூண். அடியில் சிங்கப் பாதம் மூன்று.
போன வாரம் அது கிளி உட்காரும் கம்பம்.
இந்த வாரம் ரங்கூன் டாக்டர் ஒருவரின் விளக்குத் தண்டு.
பதினெட்டாயிரம்.
"சைக்கிள் தாங்குமா?"
"யானையே தாங்கும்" என்றார்,
சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்.

இரவெல்லாம் போனில் படங்கள்.
பின்சக்கரத்தை மட்டும் தூக்கிப் பிடிப்பது: குனிய வேண்டும், கழித்தேன்.
பதினைந்து கிலோ தாங்கும், இருபத்தைந்து தாங்கும் என்று எழுதியிருந்தது.
எட்டு வருடமாக ஏறி உட்காருகிறேன்,
அதன் எடை எனக்குத் தெரியாது.
சாத்தப்பன் அதைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினார்: தொண்ணூற்றாறு.
இறக்கிவைத்துவிட்டு ஏறினார்: எழுபத்தொன்பது.
"எழுபத்து நாலுன்னுல்ல சொல்லிக்கிட்டிருந்தீக?"
மிச்சம் பதினேழு,
கூடையும் கேரியரும் சேர்த்து.

லேடீஸ் சைக்கிளுக்கு நடுக்கம்பி சரிவு.
கவ்வ இடம் சீட்டுக் கம்பிதான்,
கவ்வும் வாயில் ரப்பர் இருக்க வேண்டும்.
நாலு கால்தான் உறுதி என்று வாங்கினவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.
எங்கள் வளவுத் தரை
மழைத்தண்ணீர் முற்றத்துக்கு ஓட வாட்டமாய்ப் போட்டது.
நாலில் ஒன்று எப்போதும் வேலை செய்யாது,
எங்கள் வங்கியைப் போல.
மூன்று கால் எங்கே வைத்தாலும் உட்காரும்.

வந்தது.
அது வந்த அட்டைப்பெட்டியையே பிரித்து
அடியில் விரித்தேன், ஈப்போவுக்காக.
சாத்தப்பன் தூக்கி மாட்ட, நான் திருகினேன்.
முதல் முறையாக அது என் கண்ணுக்கு நேராக நின்றது.
பெடலைக் கையால் சுற்றினேன்.

வலது பக்கம் கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு
டக்.
இன்னொரு சுற்று. டக்.
இரண்டு வருடமாக என் முட்டி என்று நினைத்து
ராத்திரி ராத்திரி தைலம் தேய்த்தது
இந்தச் சத்தத்துக்குத்தான்.

நட்டை இறுக்கினேன். போய்விட்டது.
சக்கரம் எங்கும் போகாமல்
நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது.

காப்பி குடிக்க உட்கார்ந்து, எழுந்தேன்.
டக்.
சாத்தப்பன் சைக்கிளைப் பார்த்தார்.